அரசரின் ஞானமகன்

ஹான்கே வீட்டில் முதலில் பிறந்தவள் ஓடில். அவளுக்குப் பின்னால் வரிசையாக ஏழு பையன்கள். நடுவில் இன்னொரு பெண் பிறந்திருந்தால் பேச்சே இல்லை. பெல்ஜியத்தில் இடையில் பெண் இல்லாமல் ஏழு ஆண்பிள்ளைகள் பிறந்தால், ஏழாவது பிள்ளைக்கு அரசர்தான் ஞானத்தகப்பன். பிள்ளைக்கு அவர் பெயரைத்தான் வைப்பார்கள். லியேஜ் நகரத்துக்கு மேலே, சுரங்கக்காரர் குடியிருப்பில், அரசர் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஃபிர்மேன் ஹான்கேயின் வீட்டுக்கு ஒரு லெயோபோல் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஃபிர்மேன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் மனைவி அல்ஃபோன்சின் கேட்கவில்லை. ஆறு பெற்றபோது ஒரு கைக்குட்டைகூட எவரும் கொடுத்ததில்லை, ஏழாவதுக்காவது யாரோ எதையோ கொடுக்கட்டும் என்றாள். ஞானஸ்நானத்துக்கு அரசர் நேரில் வரமாட்டார். அவருக்குப் பதிலாக நகரத்தந்தை ஜமார் வந்தார். அவர் சோஷலிஸ்டு, தன் கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதித்திராதவர். பிள்ளையின் தலை எந்தக் கையில் வரவேண்டும் என்று தெரியாமல் அவர் தடுமாறியபோது, பதின்மூன்று வயது ஓடில்தான் பக்கத்தில் நின்று சரியாக வாங்கிக் கொடுத்தாள். பிறகு அரண்மனையிலிருந்து கிரீடம் பொறித்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று வந்தது. அது அடுப்புக்கு மேலே உப்பு ஜாடிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது.

லெயோபோலை வளர்த்தது பெரும்பாலும் ஓடில்தான். மற்ற ஆறு பேரும் சண்டை போட்டுச் சாதிப்பார்கள்; இவன் கேள்வி கேட்டே சாதிப்பான். ஒரு விஷயம் புரியும்வரை விடமாட்டான். புரிந்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி பேசவும் மாட்டான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மேலே படிக்க வைக்கலாம் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார், வீட்டில் முடியவில்லை. பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினான்.

அதற்கு முன்பே ஓடில் அங்கே விளக்கறையில் வேலையில் இருந்தாள். இறங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக விளக்கு கொடுப்பதும், ஏறி வந்த பிறகு வாங்கித் துடைத்து எண்ணெய் ஊற்றுவதும் வேலை. பெரியவர்கள் தங்கள் எண் பொறித்த வில்லையைக் கொடுத்தால் விளக்கு வாங்கிக்கொள்ளலாம். சின்னப் பையன்களுக்கு அப்படி இல்லை. குழுத் தலைவன் ஜன்னலில் வந்து பையனின் பெயரைச் சொன்னால்தான் விளக்கு. கீழே அவனுக்கு ஒன்று ஆனால் பொறுப்பு யார் என்று தெரியவேண்டும் என்பதற்காக வைத்த வழக்கம். லெயோபோலை எடுத்துக்கொண்டவர் காஸ்பார் போவி. நல்ல வேலைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். ஜன்னலில் அவன் பெயரைச் சொல்லமாட்டார். "அந்த ஞானமகனுக்கு ஒண்ணு குடும்மா" என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

சிரிப்பு நின்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில். போர்க்காலத்தில் ஜெர்மானியரிடம் சரணடைந்த அரசர் போர் முடிந்த பிறகும் வெளிநாட்டில்தான் இருந்தார். அவர் திரும்பி வரலாமா என்று மார்ச் மாதம் நாட்டைக் கேட்டார்கள். வடக்கே பிளெமிஷ்காரர்கள் வரட்டும் என்றார்கள், லியேஜ் வேண்டாம் என்றது. மொத்தத்தில் வரட்டும் என்பதே ஜெயித்தது. அல்ஃபோன்சின் எதற்கு ஓட்டுப் போட்டாள் என்று ஃபிர்மேன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூலையில் அரசர் வந்து இறங்கியதும் சுரங்கம், உருக்காலை, டிராம் எல்லாம் நின்றன. சுவருக்குச் சுவர் 'லெயோபோல் ஒழிக' என்று தாரால் எழுதினார்கள். ஹான்கே வீட்டுக்கு எதிர்ச் சுவரிலும் எழுதியிருந்தது. லெயோபோல் அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டியில் பேரிப்பழப் பாகைத் தடவித் தின்றுவிட்டு மறியலுக்குப் போவான். சுரங்க வாசலில் நாள் முழுக்க நிற்பான். அவன் யார் பக்கம் என்பதில் ஓடிலுக்குச் சந்தேகமே இல்லை.

போவிக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வேலைநிறுத்தக் குழுவில் இருந்தார், அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு மாலை வீட்டுக்கு வந்து, ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்த பிறகு பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் மன்றமான மக்கள் இல்லத்தில் கூட்டம். பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருகிறது. லெயோபோல் மேடையேறி அந்தக் கிண்ணத்தை அரசருக்கே திருப்பி அனுப்பவேண்டும். ஞானமகனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றால் நாடு முழுக்கப் பேசும்.

அல்ஃபோன்சின் கரண்டியை வைத்தாள். "பச்சைப்புள்ளைக்குக் குடுத்தது அது. அதுல என்னய்யா அரசியல் உங்களுக்கு?"

"அதுல கிரீடம் இருக்கே, அல்ஃபோன்சின். நானா செதுக்குனேன்?"

ஃபிர்மேன் புறாக்கூண்டைப் பார்த்துவிட்டு வருவதாகக் கொல்லைக்குப் போய்விட்டார். லெயோபோல் யோசித்துச் சொல்கிறேன் என்றான். போவி எழுந்தார். வாசல்வரை போய் நின்று, குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"நல்லா யோசி. ஆனா ஒண்ணு. எவன் பக்கம்னு தெரியாதவனைக் கூட்டிக்கிட்டு நான் கீழ எறங்க மாட்டேன். வேற எவனும் எறங்க மாட்டான்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று ஓடிலுக்குத் தெரியும். போவி பெயர் சொல்லாத பையனை வேறு குழு எடுக்காது. சுரங்கம் இல்லையென்றால் அவனுக்கு அந்தக் குடியிருப்பில் வேறு வேலை இல்லை. அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கிண்ணத்தைக் கொடுத்துவிடு, உப்பு வைக்கக்கூட உதவாத சாமான் என்றாள். அவன், "கிண்ணம் போனா போகுது, ஓடில். அதைக் குடுத்தா என்ன சொன்னதா ஆகும்னுதான் பாக்குறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா கிண்ணத்தைத் துலக்கி மேசைமேல் வைத்து, உன்னுடையது, உன் இஷ்டம் என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினான். ஓடில் கூடவே போனாள்.

மக்கள் இல்லத்தில் புகையும் வியர்வையுமாக நெரிசல். போவி அவனை மேடைக்குக் கூப்பிட்டார். பார்வை அவன் கைகளுக்குப் போனது. படம் எடுப்பவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். லெயோபோல் கூட்டத்தைப் பார்க்காமல் போவியைப் பார்த்தே பேசினான்.

"கிண்ணத்தைக் கொண்டு வரல, தோழர். அதைத் திருப்பிக் குடுத்தா அந்த மனுஷனுக்கும் எனக்கும் ஏதோ சண்டைங்கிற மாதிரி ஆயிடும். எனக்கு அவர்கூட சண்டை இல்ல. அவர் முதல்ல பொறந்தாரு, நாடு கெடச்சுது. நான் ஏழாவதா பொறந்தேன், கிண்ணம் கெடச்சுது. ரெண்டு பேரும் அதுக்காக ஒரு வேலையும் செய்யல. எங்க அக்கா முதல்ல பொறந்தா, அவளுக்கு எங்க ஏழு பேரோட துணியைத் துவைக்கிற வேலைதான் கெடச்சுது."

கூட்டத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஓடிலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவன் முடிக்கவில்லை. "அரசர் நாற்காலியை விட்டு எறங்கி அவர் மகன் வந்தா நீங்க வேலைக்குத் திரும்பிடுவீங்கன்னு பேசிக்கிறாங்க. மகன் மட்டும் என்ன செஞ்சாரு? எனக்கு அந்த நாற்காலியே வேணாம். அதுல யார் உக்காந்தாலும்."

சிரிப்பு அடங்கியது. மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் வந்தால் போதும் என்றுதான் கட்சி மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது அங்கே பலருக்கும் தெரியும். போவியின் கழுத்து சிவந்துவிட்டது. "பேசத் தெரியுது. குடுக்கத்தான் மனசு வரல" என்றார். பின்னாலிருந்து யாரோ, அரண்மனைச் சாப்பாடு ருசி கண்டவன் என்றார்கள். படம் எடுப்பவர் பெட்டியை மூடினார்.

அன்று மாலையே பக்கத்து ஊர்க் கூட்டத்தில் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்துப்போனார்கள். செய்தி வந்ததும் குடியிருப்பு முழுக்க மனிதர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள் லெயோபோல் மறியலுக்குப் போனபோது அவன் பக்கத்தில் எவரும் நிற்கவில்லை. அவன் வாசலின் இன்னொரு மூலையில் தனியாக நின்றான். வீட்டுக்கு வா என்று ஓடில் போய்க் கூப்பிட்டாள். வரவில்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்கு அடுத்த நாள் அரசர் ஒதுங்கிக்கொண்டு மகனுக்கு வழிவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லி வேலைநிறுத்தம் முடிந்தது. சாராயக் கடைகளில் கூட்டம் இருந்தது. ஆனால் பாட்டு இல்லை.

சுரங்கம் திறந்த காலையில் ஓடில் ஜன்னலில் இருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வில்லையைக் கொடுத்து விளக்கு வாங்கிப் போனார்கள். லெயோபோல் சுவரோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவன் விளக்கைத் துடைத்துத் தயாராகத்தான் வைத்திருந்தாள். கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. போவியின் குழு வந்தது. நாலு விளக்கு வாங்கினார்கள். போவி தன்னுடையதை வாங்கிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்க்காமல், ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுப் பக்கம் நடந்தார். மற்ற குழுக்களும் போய் முடிந்தன. ஜன்னலுக்கு உள்ளே ஓடிலும் வெளியே அவனும்தான் மிச்சம்.

கூண்டிலிருந்து யாரோ எரிச்சலாகக் கத்துவது கேட்டது. போவி திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு முன்னால் நின்று, விளக்கைக் கீழே வைத்து, தாடையைச் சொறிந்துகொண்டார்.

"ரேடியோவுல மகன் பேசப் போறானாம்" என்றார் ஓடிலிடம். "இருபது வயசுகூட ஆகாத பய. நம்ம ஆளுங்க நாலு பேர் செத்து அந்தப் பயல உக்கார வச்சிருக்கோம்."

ஓடில் தம்பியின் விளக்கை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உன் தம்பி சொன்னது எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல." தன் விளக்கை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, பின்னால் கூண்டில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "லெயோபோல் ஹான்கேக்கு ஒண்ணு."

அவள் விளக்கை நீட்டினாள். லெயோபோல் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து வாங்கினான். கூண்டுக்குப் போகிற வழியில் போவி அவனிடம் ஏதோ கேட்பதும், அவன் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்வதும் தெரிந்தது. கூண்டில் இருந்தவர்கள் இருவரையும் சீக்கிரம் வரச்சொல்லித் திட்டினார்கள்.