பின்சுவரில் சாய்த்த சைக்கிள்

என் அண்ணன் வீட்டுக்குள் வரும்போதும் கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் ஜன்னலோரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். வேலையிடத்துப் பழக்கம். காந்தப்புல நிலையத்தில் அளவு எடுப்பவர் அவர். கருவி அறைக்குள் இரும்பில் ஒரு குண்டூசிகூடப் போகக் கூடாது. பெல்ட்டில் பக்கிள் இருக்கிறதென்று கால்சட்டைக்கு நாடா கட்டிக்கொள்வார். அலுவலகத்தில் அவருக்கு ‘நாடா சார்’ என்றே பெயர்.

தினமும் நண்பகலில் ஒரு அளவு. பூமியின் காந்தம் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறுமாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அண்ணி இறந்தபின் சாப்பாடு கொண்டுபோனது நான். அதற்குக் கொஞ்ச நாளில் எங்கள் ஊர் அளவு லேசாக ஏறியது.

“அடியில என்னமோ இருக்கு பாப்பா. நம்ம ஊருக்குன்னு ஒரு தனிக் குணம்” என்றார். நாற்பது வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

ஒன்பது வருடம் கழித்து, இந்தப் பகுதி முழுவதற்கும் காந்தப்புலத்தை ஒரே கணக்கில் கொண்டுவரும் ஆய்வாளர் வந்தார். சின்னப் பெண். சுற்றியுள்ள மூன்று நிலையங்களின் அளவுகளும் அவருடைய சமன்பாட்டில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. எங்கள் ஊர் மட்டும் முரண்டு பிடித்தது.

“சார், உங்க ஊரு மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

“சமன்பாட்டத் திருத்துங்கம்மா. என் நோட்டுல கை வைக்காதீங்க” என்று சிரித்தார் அண்ணன். ஓய்வு பெறுமுன் அந்த ஒன்பது வருட நோட்டுகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

சாப்பாடு கொண்டுவரும்போது என் சைக்கிளை நிலையத்து வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார் அண்ணன். வாசல் காவலாளியோ, “ஏம்மா, எனக்கும் ஒரு பொட்டலம் கட்டினா குறைஞ்சா போயிடுவ?” என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். அந்தக் கூச்சத்தில் முதல் வாரத்திலேயே பின்வேலி வழியாக வந்து, கருவி அறையின் பின்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அண்ணன் அளவெடுத்து முடிக்கும்வரை நிழலில் நிற்கப் பழகிவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை. சைக்கிளை அண்ணன் அங்கே பார்த்ததே இல்லை. இரும்பு உள்ளே போகக் கூடாதென்று தெரியும். சுவர் அதன் காந்தத்தைத் தடுக்காதென்று எனக்குத் தெரியாது.

அன்று அறையைச் சுற்றி வந்த ஆய்வாளர் சைக்கிளைப் பார்த்து நின்றார்.

“இது யாரோடது?”

பின்னால் வந்த அண்ணன் என்னைப் பார்த்தார். “என்னோடதுதாம்மா.”

அது பெண்கள் ஓட்டும் சைக்கிள். கைப்பிடியில் என் துணிப்பை தொங்கியது. ஆய்வாளர் என்னிடம் அதை வாசல்வரை தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு மறுபடி அளக்க வைத்தார். எண் இறங்கிவிட்டது.

வீட்டில், “நான்தான் அண்ணே...” என்று ஆரம்பித்தேன்.

“சாப்பாடு ஆறிடுச்சு பாப்பா. சூடு பண்ணு.”



நோட்டுகள் பீரோவின் மேல் இருக்கின்றன. அந்த ஒன்பது வருடங்களுக்கு, பக்கத்து மூன்று நிலையங்களை வைத்துக் கணக்கிட்ட எண்தான் ஆய்வாளரின் கணக்கில் எங்கள் ஊருக்குப் போட்டிருக்கிறது. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பெல்ட் கட்டுகிறார். கடிகாரத்தைக் கழற்றாமலே வீட்டுக்குள் வருகிறார்.