வேலிக்குள் போன முசுமுசுக்கை

நாட்டுச் செடி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செடிகள் மேல் ஒரு கோபமும் இல்லை. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே மாதாமாதம் கூடும் எங்கள் சங்கத்தின் மேல்தான். 'எங்கள்' என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நான்கு வருஷம் ஒரு கூட்டம் விடாமல் போய் உட்கார்ந்தவள் நான், வேறு எப்படி எழுதுவது?

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள ஹால். பேச வருகிறவர் புரொஜெக்டரில் படம் காட்டுவார், செடியின் லத்தீன் பெயரைச் சொல்வார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். மாடியில் தொட்டியில் வைத்தால் வருமா, கொசு வருமா, கார் மேல் இலை கொட்டுமா. ஆவாரை தங்கத்தைவிட உயர்ந்தது என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டு, அது கார் மேல் கொட்டுமா என்று கேட்கிற ஜனங்கள். நானும் ஒரு தடவை கொசுவைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், மறைக்கவில்லை.

நான் பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் செடிகளுக்குத் தமிழில் பெயர்ப்பலகை எழுதுவதும், அறிக்கை எழுதுவதும் என் தலையில் விழுந்தது. எங்கள் தலைவர் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். அடையாறில் வீடு. கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். எது சொன்னாலும் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டு, 'பாயின்ட் ஒன், பாயின்ட் டூ' என்று விரலை மடக்குவார். பிறகு தான் நினைத்ததையே செய்வார்.

போன வருஷம் சங்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. மந்தைவெளிப் பக்கம், பறக்கும் ரயில் தூண்களுக்கும் ஒரு நீளமான மதிலுக்கும் நடுவே, கால்வாயை ஒட்டிக் கிடந்த துண்டு நிலம். இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் நிரம்பிவிடும், அவ்வளவுதான். அதில் நாட்டுச் செடித் தோட்டம் போடலாம் என்று அனுமதி வாங்கினார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிலத்தில் கை வைப்பதானாலும் முதலில் கணக்கெடுப்பு. அங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதியதில் இருப்பதைக் காப்பாற்றுவோம், எழுதாதது எது முளைத்தாலும் பிடுங்குவோம். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

அந்தக் கணக்கெடுப்பை நான்தான் செய்தேன். சித்திரை வெயில். காலை பதினோரு மணிக்குக் குடையும் அட்டையுமாகப் போய் நின்றேன். மண் பொரிந்து கிடந்தது. இரண்டு காய்ந்த குச்சி, உடைந்த தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் கவர்கள். செடிகள் என்ற கட்டத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். மெய்ப்புக்காரி அல்லவா, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். சென்னையில் சித்திரையில் எந்தத் தரையில் என்ன இருக்கும், மழை விழுந்தபின் வந்து பார்க்க வேண்டாமா என்று எனக்கும் தோன்றவில்லை. நான்கு வருஷமாக அத்தனை பேச்சுக் கேட்டவர்கள் ஒருவருக்குமே தோன்றவில்லை.

ஆடி கடைசியில் நாலைந்து நாள் சாயங்கால மழை பெய்தது. தரை பச்சையாகிவிட்டது. தலைவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, 'களை அதிகமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கையுறையோடு வரவும்' என்று எழுதினார். இருபது பேர் போனோம். தொப்பி என்ன, முழங்கால் மெத்தை என்ன, கல்யாணத்துக்குப் போவது போல ஏற்பாடு. ஒரு மணி நேரத்தில் பாதி நிலத்தைச் சுத்தமாக்கி, பிடுங்கியதை மதிலோரம் குவித்துவிட்டோம்.

அப்போதுதான் கீரைக்காரம்மா வந்தாள். மந்தைவெளி மார்க்கெட் ஓரத்தில் சாக்கை விரித்து மூலிகைக் கீரை விற்கிறவள். எனக்கு ஏழெட்டு வருஷப் பழக்கம். முன்பு ஆற்றோரக் குடிசையில் இருந்தாள். அங்கிருந்தவர்களையெல்லாம் பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தபோது அவளும் போனாள். வீடுதான் மாறியதே தவிர வியாபாரம் மாறவில்லை. விடியும் முன்னே பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள். கீரை எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கையில் கோணிப்பையோடு அந்த நிலத்தில் அவளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"இன்னாமா பண்றீங்கோ எல்லாரும்?"

"களை எடுக்கறோம்மா. நம்ம ஊர்ச் செடியா வைக்கப் போறோம்."

அவள் என் கையைப் பார்த்தாள். "யம்மா, உன் கைல கீறது இன்னா, தெரிதா? மொடக்கத்தான். போன வாரம் தோசைக்குன்னு ரெண்டு கட்டு வாங்கிக்கினு போனியே!"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. வாழைநாரில் கட்டி ஈரத்தோடு சாக்கில் இருந்தால் அது முடக்கத்தான் என்று எனக்குத் தெரியும். மண்ணில் வேரோடு நின்றால் தெரியாது. குவியலில் அவள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். மூக்கிரட்டை, குப்பைமேனி. சொரசொரவென்று இலை இருந்த கொடியை நீட்டி, "இது முசுமுசுக்கை. சளிக்கு அடை தட்றதுக்கு நீங்கோ எல்லாம் அலைவீங்கோ இல்ல?" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. குவியலில் வாடாததை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் தலைவரிடம் ஓடினேன். அவர் கைபேசியில் என் அறிக்கையை எடுத்துக் காட்டினார்.

"சர்வேயில இல்லையே மேடம். நீங்கதானே எழுதினீங்க?"

காது இரண்டும் சூடாகிவிட்டது. அன்று அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்ததுதான், அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அடுத்த மாதம் பச்சைக் கம்பிவலையில் ஆளுயர வேலி வந்தது. கேட் வந்தது, பூட்டு வந்தது. உள்ளே நர்சரியிலிருந்து வந்த நொச்சியும் ஆடாதோடையும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் காலடியிலும் நான் எழுதிய பலகை. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம், இன்னொன்று என்னிடம், ஏனென்றால் என் வீடுதான் பக்கம், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே.

ஐப்பசி மழையில் பிடுங்கியதெல்லாம் திரும்பி வந்தது. வேர் எங்கே போகும்? கீரைக்காரம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து திறந்துவிட்டேன். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறப்பேன், ஏழுக்கு அவள் போய்விடுவாள். அவள் கிள்ளுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு கணு விட்டு நுனியை மட்டும் எடுப்பாள், பூத்திருப்பதைத் தொட மாட்டாள். ஒரு கொடியில் எடுத்தால் பக்கத்துக் கொடியை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடுவாள். எங்கள் புரொஜெக்டரில் ஒரு நாளும் வராத விஷயம் இது.

அவள் கிள்ளுவதை யாரோ படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்கள். கத்துவார் என்று நினைத்தேன். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "மேடம், இது பாரம்பரிய அறிவு! ஆண்டுக் கூட்டத்துல இவங்களை கௌரவிக்கிறோம்!" என்றார்.

மார்கழியில் கூட்டம். கீரைக்காரம்மா அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் கூட்டத்தில் டம்ளர் அவரவர்தான் கொண்டுவர வேண்டும், குப்பை சேரக்கூடாதாம். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஹால் முழுக்கச் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்க, கௌரவிக்கப்பட வந்தவள் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் என் டம்ளரைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் காபி தீர்ந்துவிட்டது. எனக்கு அப்போதே கோபம் ஏறிவிட்டது.

சால்வை போட்டார்கள். நொச்சிக் கன்று ஒன்றைத் தொட்டியோடு கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"சார், எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான். காலைல ஒரு மணி நேரம் அந்த கேட்ட தொறந்து வெச்சிட்டீங்கன்னா போதும். இந்தம்மா எத்தினி நாளைக்கு எனுக்காவ ஓடியாரும்? வேரோட எடுக்க மாட்டேன். உங்க செடிக்குத் தண்ணியும் நானே ஊத்திட்டுப் போறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். கோரிக்கைக்கு இல்லை, பேச்சுக்கு. தலைவர் புன்சிரிப்போடு, "நல்ல பாயின்ட். கமிட்டியில வெச்சுப் பேசுவோம்" என்றார். முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து, "பாதுகாக்கப்பட்ட இடத்துல பறிச்சிண்டு போறதை நாமளே அலவ் பண்ணினா தப்பான முன்னுதாரணம் ஆயிடாதா?" என்று கேட்டாள். பாதுகாக்கப்பட்ட இடம்! யார் யாரிடமிருந்து பாதுகாத்தார்கள்?

நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று எல்லாம் நினைவில்லை. அவள் பறித்து வளர்த்ததை நாம் பிடுங்கி எறிந்தோம், பிடுங்கியவர்களுக்குத் தோட்டம், காப்பாற்றியவளுக்குச் சால்வையா என்று கேட்டேன். சித்திரையில் போய் ஒன்றும் இல்லை என்று எழுதிய மடச்சி நான்தான் என்றும் சொன்னேன். குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் கத்தினேன். பையிலிருந்து சாவியை எடுத்து, தலைவருடைய லேப்டாப் மேல் போட்டேன். 'டங்' என்று சத்தம் கேட்டது. "இந்தச் சங்கமே எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் உடம்பெல்லாம் லேசாக இருந்தது. நாலு வருஷத்தில் அந்த ஹாலில் உருப்படியான ஒரே பேச்சு என்னுடையதுதான் என்று நினைத்தேன்.

தெருமுனை வரைக்கும் போயிருப்பேன். பின்னாலேயே கீரைக்காரம்மா வேகவேகமாக வந்தாள். இடுப்பில் தொட்டி, தோளில் சால்வை. பாராட்டப் போகிறாள் என்று நின்றேன்.

"இன்னாமா, சாவிய அங்கியே வெச்சிட்டு வந்துட்ட?"

"உனக்காகத்தானேம்மா பேசினேன்."

"பேசன, சரி. செவ்வாக்கெழம கேட்ட யாரு தொறப்பா?"

நான் திரும்பி ஹால் பக்கம் பார்த்தேன்.

"உனுக்குக் கோவம் வந்துச்சு, வூட்டுக்குப் பூடுவ. கோவம் எனுக்கு வரலியா? காபிகூட தராத அந்த ஆளு பக்கத்துல சிரிச்சிக்கினு போட்டோவுக்கு நின்னேன். எதுக்கு நின்னேன்?" என்றாள். தொட்டியை என் கையில் வைத்துவிட்டு, "இத பஸ்ல தூக்கிக்கினு போவ முடியாது, நீயே வெச்சிக்க" என்று சொல்லி ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை அடையாறு போய்த் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அவர் பெருந்தன்மையாக, "அதெல்லாம் மனசுல வெச்சுக்கலை மேடம்" என்றார். ஆனால் நான் விலகியதை அப்போதே பதிவு செய்தாயிற்றாம். மறுபடி விண்ணப்பம் போட வேண்டுமாம். புது உறுப்பினருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் சாவி மாதிரிப் பொறுப்பெல்லாம் கொடுப்பார்களாம், அது விதி. அந்த விதியைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதால் வாதாட வழியில்லை. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் 'நாட்டுச் செடிகள் மேல் உள்ள பற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரம்மாவின் சாக்கில் நாலு கட்டு முருங்கைக்கீரை மட்டும் இருந்தது. மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன், ஆறு மாதம் என்பதையும் சொன்னேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அதுக்குள்ள வெய்யிலு வந்துடும், எல்லாம் காஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற ஆளிடம் முருங்கைக்கீரையை எடுத்துக் காட்டினாள்.