கரகரப்புக்கு ஒரு கேசட்

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலில் பாட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், இரைச்சலைப் பற்றித்தான் பேசுவார்கள். கடை வைத்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்குப் புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் நண்பன் ஞானராஜும் கம்பத்தில் கூட்டாகக் கடை போட்டிருந்தோம். எங்களிடம் இருந்ததெல்லாம் கல்யாண வீடுகளில் ஓடித் தேய்ந்த இசைத்தட்டுகள். ஊசி வைத்ததும் அவற்றில் எழும் கரகரப்பின் மேலேயே ஞானராஜுக்கு ஆசை விழுந்துவிட்டது. பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் சத்தத்தை மட்டும் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி, "இதுவும் இசைதான்டா" என்றான்.

முதல் ரசிகர்

அதைக் கடை ஸ்பீக்கரில் போட்டோம். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த திராட்சை வியாபாரி கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏப்பா, மழை எங்கன பெய்யுது? என் பெட்டியெல்லாம் வெளிய கெடக்கே!"

பெண் பார்த்த இடம்

போடியில் தனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் ஞானராஜ் கேசட்டை விடவில்லை. பெண்ணின் அப்பா பஜாரில் ஜவுளிக்கடைக்காரர். "ஏதோ மியூசிக் போடுவீகளாமே?" என்று கேட்டதுதான் தாமதம், போட்டுவிட்டான். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. இந்தச் சம்பந்தம் போச்சு என்று நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கடுகு வெடிக்கிற மாதிரி இருக்குப்பா. நல்லாத்தான இருக்கு!"

கல்யாணம் முடிந்தபின் மாமனார் என்னிடம் தனியாகக் கேட்டார்: "தம்பி, அந்தக் கேசட்டுல பாட்டு எப்பத்தான் வரும்?"

சுருளிப்பட்டி அம்மா

சுருளிப்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் என்றொரு அம்மா விரிசல் விட்ட இசைத்தட்டு ஒன்றைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். அது அவர் கணவருடைய தட்டு; கேரள எஸ்டேட்டில் வேலை பார்த்த அவர் தவறிப்போய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஞானராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை வைத்தான். கரகரப்பு முடிந்து பாட்டு எழும்பியதும் தட்டு 'படக்' என்று இரண்டாகப் பிளந்தது.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா, வெறும் இரைச்சல்தான் பதிஞ்சிருக்கு" என்றான் ஞானராஜ்.

"அது போதும் தம்பி. ஜீப்புல எறங்கி வந்ததும் மொதல்ல தட்டத்தான் போடுவாக. அடுப்படியில எனக்கு இந்தச் சத்தம் கேட்டாத்தான் அவுக வந்துட்டாகன்னு அர்த்தம். பாட்டு எந்த வீட்லயும் கெடைக்கும்" என்றார்.

அந்தக் கொஞ்சநேரக் கரகரப்பை வைத்தே ஞானராஜ் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிரப்பினான். சில இடங்களில் அது தூரத்தில் கேட்கும், சில இடங்களில் பக்கத்தில் வரும். வாங்க வந்த நாளில் அந்த அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுக செருப்பக் கழட்டுற சத்தம் மட்டுந்தான் தம்பி இதுல இல்ல."

பாட்டு நன்றாகப் பதிந்திருக்கிறது என்று சொல்ல ஒருவர்கூடத் திரும்பி வராமல், இரைச்சலுக்கு மட்டும் நல்ல பேர் வாங்கிய ரெக்கார்டிங் கடை இந்தப் பக்கத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.