தையல் கடையில் நின்றுபோன புள்ளி

கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டாலும் அதிலிருக்கும் ஜிபிஎஸ் வேலை செய்யும். படித்தவர்கள்கூட இதை நம்புவதில்லை. விமானத்தில் ஏறினால் எல்லாம் செத்துவிடும் என்றே நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் கேட்க மட்டும்தான் செய்கிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அதைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. பதிலுக்கு அது ஒரு வார்த்தைகூட அனுப்புவதில்லை. அதனால் ஃப்ளைட் மோடில் நாம் இருக்கும் இடம் நமக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

நான் பங்சாரில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதெல்லாம் என் அன்றாடப் பாடம். இந்தப் பாடத்தை என் அக்கா ஒரு வேலை நேர்காணலுக்குப் போய்வருவதற்காக அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. முப்பது வயதுப் பெண், கப்பல் சரக்கு ஆவண வேலையில் அனுபவம் உள்ளவள், கார் ஓட்டத் தெரிந்தவள், ஒரு நேர்காணலுக்குத் திருடியைப் போலப் போகவேண்டி வந்தது. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

யார் எங்கே இருக்கிறார் என்று மற்றவர்களுக்குக் காட்டும் செயலியை எங்கள் போன்களில் போட்டது அத்தான். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட முதல் தீபாவளிக்கு, ஸ்ரீ கெம்பாங்கானில் அம்மா வீட்டில் சாப்பிட்டு முடித்தபின் எல்லோர் போனையும் வாங்கினார். “சேஃப்டிக்குலா. காலம் கெட்டுக் கிடக்கு” என்றார். கொஞ்ச நேரத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் வரைபடத்தில் வட்டப் புள்ளிகளாக மாறியது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து எனக்குக் காலை வணக்கம் நின்றுபோய், “உன் புள்ளி இன்னும் வீட்டுலயே இருக்கே, வேலைக்குப் போகலயா?” என்று வர ஆரம்பித்தது.

அத்தானின் புள்ளி மட்டும் அதில் இல்லை. கேட்டேன். “ஆபீஸ் போன்லா. அதுல இதெல்லாம் போட முடியாது” என்றார். ஆபீஸ் போனில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று முடிவு செய்வது என் வேலை. இருந்தாலும் தீபாவளி நாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவை வேலையை விடச் சொன்னதும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே நடந்தது. கொஞ்ச நாள் ஓய்வெடு என்றார். கொஞ்ச நாள் மூன்று வருடமானது. அவள் மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். முதல் நேர்காணலுக்குப் போகும் வழியில் போன் வந்தது. “ஏன் உன் புள்ளி ஹைவேல போவுது?” வீட்டுச் சாவியை மறந்துவிட்டாராம், உடனே திரும்பி வரவேண்டுமாம். திரும்பி வந்தாள். சாவி அவர் பையிலேயே இருந்தது.

இரண்டாவது நேர்காணலுக்கு அவரே வந்துவிட்டார். அக்கா உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்த பெண்ணிடம், “என் வொய்ஃப்தான். அவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றிருக்கிறார். அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த நிறுவனத்திலிருந்து பிறகு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

நான் அம்மாவிடம் கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை.

“அவரு அக்கறைல பண்றாரு. உன்னை ஒருத்தன் இப்படித் தேடினா அப்போ உனக்குப் புரியும்” என்றார் அம்மா.

“என்னை ஒருத்தன் இப்படித் தேடினா போலீஸ்ல சொல்வேன்.”

“வாயப் பாரு” என்று அம்மா பேச்சை முடித்தார்.

மூன்றாவது அழைப்பு கிள்ளான் பக்கம் பண்டமாரானில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து வந்தது. இவ்வளவு நாள் வேலையில் இல்லாதவளைக் கூப்பிட்ட கடைசி இடம் அதுதான். இதுவும் போனால் இனிமேல் விண்ணப்பமே போடமாட்டேன் என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திட்டத்தை நான் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா ரவிக்கை தைக்கக் கொடுக்கும் கடை ஒரு பழைய கட்டடத்தின் பேஸ்மென்டில் இருக்கிறது. அங்கே போனுக்கு எந்த லைனும் கிடைக்காது. அத்தானே அங்கே காத்திருந்து அலுத்துப்போனவர். புள்ளி அங்கே நின்றுபோனால் சந்தேகப்படமாட்டார். நேரமானால் தையல்காரரைத்தான் திட்டுவார். ஆகவே, கடை வாசலில் புள்ளி விழுந்தபின் ஃப்ளைட் மோட். என் போனும் செயலியில் அதே குடும்ப வட்டத்தில் இருந்ததால் அதுவும் ஃப்ளைட் மோட். கிள்ளான் பக்க வரைபடத்தை முன்னதாகவே போனில் இறக்கி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் பண்டமாரான் லோரிச் சந்துகள் எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்னொன்று, டோல் இல்லாத சாலையில்தான் போகவேண்டும். காரில் ஒட்டியிருக்கும், சுங்கக் கட்டணம் கழிக்கும் டோல் வில்லை அத்தானின் கணக்கில் ஓடுகிறது. கார் டோலைத் தாண்டினால் அவர் போனில் செய்தி விழும்.

இதையெல்லாம் அக்காவிடம் வரிசையாகச் சொன்னபோது, “பேங்க் கொள்ளையடிக்கப் போறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்கடீ” என்றாள். சிரித்தோம். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்தான்.

நேர்காணல் நாளன்று, தையல் கடை வாசலில் இரண்டு போனையும் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வந்ததும் வரைபடம் திணறியது. இணையம் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்று போன் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இப்போது அதுவே தேடவேண்டும். ரயில் பாதையும் மேம்பாலமும் அடுக்குமாடிகளும் வானத்தை மறைத்துக்கொண்டிருந்தன. சாலையோரம் வெட்டவெளியாக ஓரிடத்தில் காரை நிறுத்தி, போனை முன்கண்ணாடிக்கு அருகே வைத்துக் காத்திருந்தோம். அக்கா தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தாள்.

“கிடைக்குமா?”

“கிடைக்கும். அதுங்களுக்கு அத்தானைத் தெரியாது.”

வரைபடத்தின் நீலப் புள்ளி ஒருமுறை ஆற்றுக்குள் விழுந்து, பிறகு எங்கள் சாலைக்கு வந்து சேர்ந்தது. ஃபெடரல் ஹைவேயில் ஏறினோம். சுபாங் அருகில் வண்டிகள் அசையாமல் நின்றன. வரைபடம் மட்டும் எல்லாச் சாலையும் காலியாகக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்தது.

“உன் மேப்புக்கு ஜாம் தெரியாதா?”

“யாராவது சொன்னாத்தான் தெரியும். அதுவும் இப்போ யார்கூடவும் பேசல.”

“என்னை மாதிரி” என்றாள்.

சீக்கிரமாகவே கிளம்பியிருந்ததால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் சின்ன வரவேற்பறை, அதற்குப் பின்னால் பாதிக் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. நேர்காணல் செய்த நடுத்தர வயதுச் சீன அம்மா அக்காவை உள்ளே அழைத்துப் போனார். கண்ணாடி வழியே பார்த்தேன். அக்கா கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பேசி நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

அப்புறம் அவள் வெளியே வந்தாள். முகம் மாறியிருந்தது.

“டெஸ்ட் ஒண்ணு இருக்காம். போனுக்கு லிங்க் அனுப்புவாங்களாம். இங்கேயே செய்யணும். லைன் வேணும்.”

இது என் திட்டத்தில் இல்லை. இருந்த வழிகளையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அலுவலக வைஃபை? எந்த வழியாக இணையம் வந்தாலும் செயலி தன் இடத்தைச் சொல்லிவிடும். செயலியை அழித்தால் ‘வட்டத்திலிருந்து விலகிவிட்டார்’ என்று அவருக்குச் செய்தி போகும். இருப்பிட அனுமதியை நிறுத்தினாலும் அதேதான். அந்தச் செயலியைச் செய்தவர்கள் அத்தானைப் போன்றவர்களை மனதில் வைத்தே செய்திருந்தார்கள். என் போனில் எழுதலாம் என்றால் லிங்க் அக்கா எண்ணுக்குத்தான் வரும். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லைன் போட்டா என்ன ஆவும்?” என்றாள் அக்கா.

“புள்ளி இங்க வந்துரும்.”

“அப்புறம்?”

“போன் பண்ணுவாரு. இந்த மாதிரி டெஸ்ட்ல நடுவுல திரையை விட்டு வெளிய போனா டெஸ்ட் முடிஞ்சிரும். கவனமா கட் பண்ணணும்.”

அவள் அவருடைய அழைப்பை வெட்டியதே கிடையாது. குளியலறையிலிருந்து சோப்புக் கையோடு ஓடிவந்து எடுப்பாள். போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த ரிங்டோன் கேட்டது. அவரே அவள் போனில் வைத்துக்கொடுத்த பாட்டு. நின்றது. மறுபடி வந்தது. அக்காவின் கட்டைவிரல் திரையின் மேல் தயங்கித் தயங்கி நகர்வது தெரிந்தது. மறுபடி பாட்டு. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

வாசல் வரை நடந்துபோய் என் போனின் ஃப்ளைட் மோடை எடுத்தேன். நானே அத்தானைக் கூப்பிட்டேன். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் அவளைக் கூப்பிட முடியாது. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

“எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? டைலர் கடைல இருந்த புள்ளி எப்படிப் பண்டமாரான்ல வந்துச்சு?”

“நாங்க கார்ல வந்தோம் அத்தான்.”

“என்ன நக்கலா? போனை அவகிட்டக் குடு.”

அவரிடம் சொல்ல என்னிடம் மூன்று வருடத்துச் சொற்கள் இருந்தன. ஆனால் அவற்றைச் சொன்னால் போனை வைத்துவிடுவார். வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். அதனால் அலுவலகத்தில் வாடிக்கையாளர் கத்தும்போது பேசும் குரலை எடுத்துக்கொண்டேன்.

“குடுக்கறேன் அத்தான். முதல்ல உங்க பிரச்சினை என்னன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கிறியா?” என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். குறை சொல்வதில் சுகம் காண்பவர்களுக்கு அதை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்பது பெரிய மரியாதை. சொல்லாமல் போனது. துறைமுகப் பக்கம் லோரி ஓடும் ஏரியா, பொம்பளைங்களுக்குச் சரிப்படாது. ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள். அவளுக்கு வீட்டில் என்ன குறை.

“ரெண்டாவது பாயின்ட், லோரி. சரியா?”

“ஆமா. ஏய், நீ என்ன பண்ற? நான் கட் பண்றேன், அவளுக்கே போட்டுக்கிறேன்.”

“மூணாவது சரியாக் கேட்கல அத்தான். நாலு பேருன்னு சொன்னீங்களே. யாரு யாருன்னு சொல்ல முடியுமா?”

சொன்னார்! தன் அண்ணன், அண்ணி, ஆபீஸில் ஒருவர். நாலாவது ஆள் தேறவில்லை. அந்த எரிச்சலில் குரல் ஏறியது.

“நான் குடிக்கிறேனா? அவள அடிச்சிருக்கேனா? ஒரு நாள் கைய நீட்டியிருக்கேனா? சொல்லு!”

இந்த இடத்தில்தான் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தேன். அடிக்காததற்கு நன்றி வாங்க நிற்கும் அந்தக் குரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா போனின் மேல் குனிந்திருந்தாள். விரல் தயங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை.

“அதையும் எழுதிக்கிறேன் அத்தான்” என்றேன். “வேற?”

வேறு நிறைய இருந்தது. எங்கள் அம்மா வளர்த்த லட்சணம்வரை போனார். முழுக்கக் கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கோபத்தோடு இவ்வளவு மரியாதையாக யாரிடமும் பேசியதில்லை.

அக்கா வெளியே வந்து என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

“இன்டர்வியூக்கு வந்தேன். முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வந்து பேசறேன்” என்று சொல்லி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தாள்.

காரில் ஏறினோம். நான் பழக்கமாக டோல் இல்லாத வழியைத் தேடினேன்.

“டோல் ரோடுன்னா சீக்கிரமா?”

“சீக்கிரம்தான். ஆனா அவருக்கு மெசேஜ் போயிரும்.”

“போவட்டும்லா.”

டோலில் தடுப்புக் கட்டை மேலே எழுந்தது. அக்கா வேகத்தைக் கூட்டினாள்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை, அது அவளுடையது. அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இப்போது தினமும் பண்டமாரான் போய்வருகிறாள், போனை முழு லைனில் வைத்துக்கொண்டு. அத்தான் என்னைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய பட்டியலில் இது எத்தனையாவது என்று கேட்க ஆசைதான். என் கோபம் அப்படியே இருக்கிறது.

அவள் வேலையில் சேர்ந்த அன்று நாங்கள் இருவரும் அந்தச் செயலியை அழித்தோம். சிறிது நேரத்தில் அம்மா கூப்பிட்டார்.

“என்னடி, உங்க ரெண்டு பேரு புள்ளியும் காணோம்? எங்க இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இதோ, இப்ப கேட்டீங்களே, அது மாதிரி கேளுங்க” என்றேன். “நான் பங்சார்ல இருக்கேன். அக்கா வேலைல இருக்கா.”