விரலுக்குப் பிடிபடாத ஆயில்

மலைமேல் நாகலூரில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம். கழுவிய காபிக் கொட்டையில் வழவழப்பு போய்விட்டதா என்று என் கணவர் விரலால் தேய்த்தே சொல்லிவிடுவார். ஒருநாளும் தப்பியதில்லை.

ஆசைப்பட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த சொகுசு கார் ஒன்றை வாங்கினார். ஆயில் மாற்றும்போது, கார் கம்பெனி சொன்ன ஆயிலையும் விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணியாட்ட இருக்குது. மலையேற கெட்டியாத்தான் வேணும்" என்று எங்கள் ஜீப்புக்கு ஊற்றும் ஆயிலையே ஊற்றிவிட்டார்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, நிறைமாத மகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினோம். வாசலைத் தாண்டுவதற்குள் விசில்போல ஒரு சத்தம். ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஆயில் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தது.

"ஏனுங்க, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். நிறுத்திவிட்டார். மகளைப் பக்கத்து வீட்டு காரில் அனுப்பினோம்.

வந்து பார்த்த மெக்கானிக், "குளுருல கெட்டி ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர நேரமாகுங்க. அதுவரைக்கும் டர்போ காஞ்சே சுத்துமுங்க. நல்லவேளை, நிறுத்திட்டீங்க. வண்டி கொண்டை ஊசி வளைவுல நின்னிருந்தா?" என்றார்.

நான் மகளின் வயிற்றைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆயில் மாற்றும் நாளில் நானும் கூடவே நிற்கிறேன். பழக்கத்தில் அவர் விரலை நீட்டினால், காரோடு வந்த கையேட்டை அந்தக் கையில் வைத்துவிடுகிறேன்.