இடுப்பு என்று சொன்னேன்

என் தம்பி சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடங்களாக மூட்டை தூக்கியவன். இப்போது குனிந்து தன் செருப்பை எடுக்கவும் அவனால் முடியவில்லை. அதற்குக் காரணம் நான்.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அல்சூரில் எங்கள் தெருமுனை ஜிம்மில் டெட்லிஃப்ட் பழகினேன். தரையில் கிடக்கும் எடைக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சி அது. ஆங்கிலப் புத்தகங்களும் படித்தேன். தூக்குவது தொடையும் பிட்டமும்தான், கீழ்முதுகின் வேலை வளையாமல் தாங்கி நிற்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தம்பிக்கு மாலையானால் முதுகு வலிக்கும். முதுகு உறுதியாகும் என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

"புஸ்தகம் பாத்து மூட்ட தூக்குற ஆளு நீ ஒருத்தன்தாண்ணா," என்று சிரித்தான். பிறகு கம்பியின் முன், மூட்டைக்குக் குந்துவதுபோல் குந்தினான்.

ஜிம்மில் பயிற்சி தரும் மாஸ்டர் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அப்டி குந்தாதடா. இடுப்புல இருந்து தூக்கு."

புத்தகம் 'ஹிப்' என்றது. தொடை உடம்போடு சேரும் மூட்டு அது. நான் அதை இடுப்பு என்றேன். அவனுக்கு இடுப்பு என்றால் வலிக்கும்போது கைவைத்துப் பிடித்துக்கொள்ளும் இடம். அங்கிருந்தே தூக்கினான். முதுகு வில்லாக வளைந்தது. கம்பி முழங்காலுக்கு வருமுன் "அண்ணா" என்றான். அவ்வளவுதான், கம்பியோடு அவனும் விழுந்தான்.

"யாரு சார் இவருக்கு இப்டி சொல்லிக் குடுத்தது?" என்று மாஸ்டர் ஓடிவந்தார்.

"நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல," என்றேன்.

டிஸ்க் விலகிவிட்டதாம். நான்கு மாதமாகிறது. கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தவறாகச் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு சொன்ன பொய்யையும்.

"தெரியும்ணா. தரையில கெடந்தேன், செவுடாவா கெடந்தேன்?" என்றவன், டாக்டர் கொடுத்த பெல்ட்டை என்னிடம் நீட்டினான். "கட்டி உடு. எங்கன்னு தெரியும்ல? இடுப்புல."

அவன் மட்டும் சிரித்தான். நான் பெல்ட்டை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன்.

மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை என் தம்பி இன்றைக்கும் சொன்ன பேச்சு கேட்காதவன்.