விஜயதசமிக் காலையில் நகராத மவுஸ்

நடந்தது இந்த வரிசையில்:

1. சரஸ்வதி பூஜையன்று காலை, 'அப்டேட் செய்யலாமா?' என்று கணினி கேட்டது. அம்மா 'சரி' கொடுத்தார்.
2. அது முடிந்ததும் கணினியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜையில் வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடுவதில்லை.
3. விஜயதசமி காலையில் மவுஸ் வேலை செய்யவில்லை.

பத்து மணிக்கு அம்மாவின் முதல் இணைய வகுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து. மவுஸைப் பிடித்துத் திரையில் 'அ' போட்டுக் காட்ட நாள்கணக்கில் பழகியிருந்தார்.

"நான்தான் கெடுத்துட்டேன். அந்த 'சரி'ய அமுக்கியிருக்கக் கூடாது. எனக்கு எதுக்குடி இதெல்லாம்? வகுப்பு இல்லன்னு சொல்லிடு."

நான் மென்பொருள் வேலையில் இருப்பவள். ஆனாலும் அம்மா நினைத்ததையே நானும் நினைத்தேன். கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு மவுஸை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன். ஒயரை வேறு இடத்தில் செருகினேன். தி.நகர் போய்ப் புதிதாக வாங்கி வர நேரமில்லை.

அப்போதுதான் உறைத்தது: கிளிக் வேலை செய்கிறது, அம்பு மட்டும் நகரவில்லை. மவுஸைக் கவிழ்த்தேன். சிவப்பு வெளிச்சம் வரும் குழியில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அப்பா மந்தைவெளியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். பூஜையில் பொட்டு வைத்தது அவர்தான். பொரியை மென்றுகொண்டே வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இப்போ? மேல வச்சா கையில ஒட்டிக்கும்ல? ஸ்பேனருக்கே கைபடாத இடமாப் பாத்துதான் வைப்பேன்."

"அதுக்குக் கண்ணே அங்கதான்பா கீது."

"கண்ணு அடியில இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா சிரிக்கவில்லை. "அப்போ அப்டேட்டால இல்லியா?" என்றார்.

"இல்லம்மா."

ஈரப் பஞ்சால் துடைத்தேன். அம்பு நகர்ந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்றையடுத்து ஒன்று நடந்தால், முன்னதுதான் காரணம் என்று மனம் எவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட்டுவிடுகிறது! மேலே உள்ள இரண்டாவது வரி எனக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டிக் குதித்து ஒன்றையும் மூன்றையும் சேர்த்துவிட்டேன்.

இப்போது வகுப்பு சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அப்டேட் கேட்டால் அம்மா யாரையும் கேட்காமல் 'சரி' கொடுக்கிறார். மவுஸுக்கான பொட்டை அப்பா ஒயரில் வைக்கிறார்.